ரெண்டெலை மாப்பிள்ளை

மூபோவின் மரத்துக்குச் சிவப்பு அடித்துவிட்டார்கள்.

எருமைகளைத் தேடி உப்புமேட்டுக்கு ஏறி வந்த கேலோ, அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். நெஞ்சு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, மரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை. விரலை வைத்துப் பார்த்தான். ஒட்டியது. நேற்றுச் சாயங்காலம்தான் அடித்திருக்க வேண்டும். சிவப்பு அடித்த மரம் விழும் என்பது மேசோலாவில் எருமைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. காட்டிலாகா லாரி இரண்டு நாளாக ஊர் எல்லையில் நிற்கிறது. ரம்பக்காரர்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் குறட்டை விடுகிறார்கள். இன்றைக்கு மதியச் சோறு முடிந்ததும் வேலை ஆரம்பம்.

மூபோ கேலோவின் ஒரே மகள். சியாங் மாய் நகரத்தில் தையல் வேலை. கர்ப்பம், எட்டாம் மாதம். அடுத்த வாரம் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறாள். அவள் பிறந்த அன்றைக்கு அவளுடைய தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் போட்டு, வாயை அடைத்து, இந்த மரத்தில்தான் கட்டினான். கரேன் மலைக்குடிகளின் வீட்டில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு தொப்புள் மரம் உண்டு. மரம் நிற்கிறவரை பிள்ளையின் உயிர் அதன் நிழலில் சுகமாக இருக்கும். மரத்தைச் சாய்த்தால் உயிர் மிரண்டு காட்டுக்குள் ஓடிவிடும். அதுவும் எட்டாம் மாதத்தில், வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும்போது.

அப்படியானால் நேரே ஓடிப்போய், "இது என் மக மரம்யா, விடுங்க" என்று சொல்ல வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். இருபத்திரண்டு வருஷமாகக் கேலோ ஊருக்கும் பெண்டாட்டிக்கும் சொல்லி வந்தது வேறு மரம்.

கேலோ மேசோலாக்காரன் இல்லை. கரேன் வழக்கத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். கேலோவும் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு போர்வையும் ஒரு வெட்டரிவாளும் எடுத்துக்கொண்டு நோலாவின் வீட்டுக்கு ஏறி வந்தான். கீழே வெயில் ஊர். அங்கே வளர்கிற பைன் ஒரே வகைதான். ஒரு காம்பில் இரண்டு ஊசி இருக்கும் இரட்டையிலைப் பைன். மேலே மேசோலாவில் பெரும்பாலும் மூன்று ஊசி உள்ள மூவிலைப் பைன். நடுநடுவே இரட்டையிலையும் உண்டு. இரண்டையும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வந்த இரண்டாம் வாரம் மாமனார், "அடுப்புக்கு மேல உத்திரம் போடணும், ஒரு பைன் வெட்டிட்டு வா மாப்ள" என்றார். மேசோலாவில் உத்திரத்துக்குப் பைன் என்றால் மூவிலைதான், அதை யாரும் வாயால் சொல்லக்கூட மாட்டார்கள். கேலோவுக்குப் பைன் என்றால் ஒன்றுதான். அதைத் தேடிக் கண்டுபிடித்து, வெட்டி, தோளில் சுமந்து கொண்டுவந்து போட்டான்.

இரட்டையிலையில் பிசின் அதிகம். பங்குனி வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்ததில் உத்திரம் அழ ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாகச் சோற்றுப் பானையில். குழம்பில். மாமனாரின் தலையில். மூன்று மாதம் அந்த வீட்டுச் சாப்பாடு முழுக்கப் பிசின் நாற்றம். அன்றிலிருந்து கேலோவுக்கு ஊரில் ஒரே பெயர்: ரெண்டெலை. தலை நரைத்த பிறகும் அதுதான் பெயர். ஊர்த்தலைவராகிவிட்ட மச்சான் பாச்சே, அதாவது நோலாவின் அண்ணன், கூட்டத்தில் ஆள் எண்ணும்போதுகூட, "ரெண்டெலை வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

அந்த உத்திரம் போட்ட வருஷமேதான் மூபோ பிறந்தாள். மாமனார் விடியற்காலையில் குழாயைக் கையில் கொடுத்து, "ஓடைக்கு மேல பெரிய அத்தி இருக்கும். பறவை வந்து தின்னுற மரம், வெட்டினாலும் துளிர்க்கிற மரம். அதுல கட்டு" என்று அனுப்பினார். தொப்புள் மரம் அப்படித்தான் இருக்க வேண்டும். பைனில் யாரும் கட்டுவதில்லை. பைனை வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்காது, செத்ததுதான். கேலோவுக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு மூடுபனி. கை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஓடையைத் தவறவிட்டு, ஏறி ஏறி உப்புமேட்டுக்கே வந்துவிட்டான். எந்த மரமும் அடையாளம் தெரியவில்லை, எல்லாம் அந்நியம். அப்போது தலைக்கு மேலே காற்றடித்தது. தடித்த ஊசிகள் உரசுகிற அந்தச் சத்தம், பிறந்த வீட்டுக் கூரைக்கு மேலே கேட்கிற அதே சத்தம். கேலோ மரத்தைத் தொட்டுப் பார்த்தான். இரட்டையிலை. இவ்வளவு பெரிய மலையில் அவனைப்போலவே கீழேயிருந்து வந்து தனியாக நிற்கிற ஒன்று. அவன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே குழாயை அதில் கட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து, "அத்தியில கட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

ஒரு சின்னப் பொய். அதற்கு இப்போது சிவப்புச் சாயம் அடித்து வைத்திருக்கிறார்கள்.

எருமைகள் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று கேலோ இறங்கி ஓடினான்.

நோலா வாயில் குழல் புகைய, தறிப்பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பேரப்பிள்ளைக்குத் துணி நெய்துகொண்டிருந்தாள். அவன் மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கிறவரை அவள் குழலை வாயிலிருந்து எடுக்கவில்லை. முடித்ததும் எடுத்தாள்.

"எந்த மரம்னு சொன்ன?"

"உப்புமேட்டு பைனு."

"அப்ப அத்தி?"

"அத்தி இல்ல."

"யோவ், வருஷா வருஷம் புது அரிசி வந்ததும் அந்த அத்திக்குச் சோறு வெச்சேன். நூல் கட்டினேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் அதைக் கட்டிப்பிடிச்சு அழுதேன். இருபத்திரண்டு வருஷமா நான் யார் மரத்துக்குய்யா தண்ணி ஊத்திட்டு இருந்தேன்?"

"தெரியல. யாருக்காச்சும் நல்லது நடந்திருக்கும்."

தறிக்கட்டை பறந்து வந்தது. கேலோ குனிந்துகொண்டான். நோலா தறியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் மட்டுமில்லை, பயம்.

"உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன். முதல்ல என் பொண்ணு மரத்தக் காப்பாத்து. நட."

பாச்சே வீட்டு வாசலில் காட்டிலாகா அதிகாரி நாரோங் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர். நல்ல மனுஷன், காகிதத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாக நம்புவார். அவரைச் சுற்றி வேலையில்லாதவர்கள் பத்திருபது பேர். கேலோ விஷயத்தைச் சொன்னதும் வாசலே சிரித்தது.

"பைன்லயா? தொப்புள் குழாயப் பைன்ல கட்டினியா?" பாச்சே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "உத்திரத்துக்கும் பைனு, உயிருக்கும் பைனு. உன்னப் பெத்ததே பைன்தானா மாப்ள?"

"சிரிச்சது போதும்ணே. உன் மருமக மரம் அது" என்றாள் நோலா. பாச்சேயின் சிரிப்பு பாதியில் நின்றது.

நாரோங் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரே கூடி எழுதிக்கொடுத்த தொப்புள் மரப் பட்டியல். விரலை ஓட்டி நிறுத்தினார்.

"மூபோ. ஓடை மேல் அத்தி. கீழ தலைவர் கையெழுத்து. ஐயா, போன வருஷம் பக்கத்து மேட்டுல இதேதான் நடந்துச்சு. ரம்பத்த எடுத்ததும் பதினாலு பேர் வந்து 'என் மரம், என் மரம்'னாங்க. அதனால பட்டியல்ல இல்லாதத நான் கேக்க முடியாது."

"பட்டியல விடுங்க சார்," என்றான் கேலோ. "உங்களுக்கும் ஊருக்கும் ஒரு பேச்சு இருக்குல்ல? நீங்க நட்ட மரத்த வெட்டிக்கலாம், தானா முளைச்சதத் தொடக்கூடாதுன்னு."

"ஆமா. நாங்க உப்புமேட்டுல நட்டது முழுக்க மூவிலை. இரட்டையிலைன்னா கண்டிப்பா நாங்க நட்டது இல்ல, விட்டுடுவோம். மூவிலைன்னா வெட்டுவோம். அது தலைவரும் ஒத்துக்கிட்டதுதான்."

"அப்ப விடுங்க. அது ரெண்டெலை."

இந்த முறை வாசல் மட்டுமில்லை, தெருவே சிரித்தது. யாரோ, "உத்திரத்தக் கேட்டா அது சொல்லும்யா!" என்று கத்தினார்கள்.

பாச்சே சங்கடமாக நெளிந்தார். "மாப்ள, கோச்சுக்காத. உனக்குத்தான் எது ரெண்டு, எது மூணுன்னு தெரியாதே. ஊருக்கே தெரியும்."

கேலோவுக்குச் சுரீரென்றது. இருபத்திரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"மச்சான், எனக்கு அன்னைக்குத் தெரியாம இருந்தது மூணெலைதான். ரெண்டெலை எனக்கு எப்பவுமே தெரியும். அதனாலதான் அத்தன மரத்துக்கு நடுவுல தேடிப்போய் அதையே வெட்டிட்டு வந்தேன். யாராச்சும் யோசிச்சீங்களா?"

யாரும் யோசித்திருக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. நாரோங் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி. மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. வாங்க, மரத்தையே கேட்டுடுவோம்."

மேசோலாவே உப்புமேட்டுக்கு ஏறியது. குழந்தையை முதுகில் கட்டியவர்கள், வெற்றிலை மென்றவர்கள், ரம்பக்காரர்கள், நாய்கள். வேடிக்கை என்றால் அந்த ஊருக்கு முட்டி வலி தெரியாது.

நாரோங் மரத்தடியில் குனிந்து ஒரு கைப்பிடி சருகை அள்ளினார். உதிர்ந்த ஊசிக் கொத்துகளைப் பிரித்துக் காட்டினார். மூன்று. மூன்று. மூன்று.

"என் ஆளுங்க இதப் பார்த்துதான் அடிச்சிருக்காங்க."

"இது இந்த மரத்து இலை இல்ல சார். சுத்தி நிக்கிற உங்க மரமெல்லாம் இங்கதான் உதிர்க்குது. அடியில தோண்டுங்க."

தோண்டியதில் இரண்டும் வந்தது, மூன்றும் வந்தது. "ரெண்டும் கலந்து கிடந்தா எதுக்கும் சாட்சி இல்ல," என்றார் நாரோங். அடுத்தது மரப்பட்டை. வருஷா வருஷம் ஓடுகிற காட்டுத்தீ ஆள் உயரத்துக்குக் கரியாக்கி வைத்திருந்தது. கேலோ அதற்கு மேலே கைகாட்டினான். பட்டை கறுப்பாக, விரல் நுழையும் அளவுக்கு ஆழமாக வெடித்திருந்தது. பக்கத்து மூவிலைகளில் சிவந்த மெல்லிய செதில். நாரோங் அதற்கும் இல்லை என்றுதான் தலையாட்டினார்.

"மூவிலையும் வயசானா வெடிக்கும்யா. இலையக் காட்டுங்க. மரத்துல இருக்கிற இலை."

இலை இருபத்தைந்து மீட்டர் உயரத்தில் இருந்தது. அதுவரை ஒரு கிளை கிடையாது. நாரோங் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஓர் உண்டிவில்லை எடுத்தார். உயரத்து இலையை இறக்கக் காட்டிலாகா ஆட்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். அண்ணாந்து குறிபார்த்து அடித்தார். முதல் கல் போயே போய்விட்டது. இரண்டாவது கல் பட்டு, ஒரு சின்னக் கொப்பு சுழன்று சுழன்று நோலாவின் காலடியில் விழுந்தது.

நாரோங் எடுத்தார். ஒரு கொத்தைப் பிரித்தார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

மூன்று.

ஊரே "ச்சூ" கொட்டியது. ரம்பக்காரன் ஒருவன் எண்ணெய்க் கேனைத் திறந்தான். நோலா மரத்தில் போய்ச் சாய்ந்துகொண்டாள், ரம்பம் முதலில் என்மேல் விழட்டும் என்பதுபோல. கேலோ அந்தக் கொப்பைப் பார்த்தான். மனிதனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வருகிற நிமிஷம் ஒன்று உண்டு. மூடுபனி, அழுகை, இருபத்தைந்து வயது. தப்பாகத்தான் தொட்டுப் பார்த்தேனோ? ஊர் சொல்கிற மாதிரி நான் ஒன்றும் தெரியாத மாப்பிள்ளைதானோ?

கொப்பை வாங்கி ஊசியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். மெத்தென்று இருந்தது. பூனை மீசை மாதிரி. அவன் அம்மா வீட்டுத் திண்டில் திணித்த ஊசிகள் இப்படி இருக்காது, தூங்கினால் முதுகில் குத்தும். அப்போது காற்றடித்தது. கேலோ கண்ணை மூடிக்கொண்டான். தலைக்கு நேர் மேலே அதே தடித்த சத்தம். கிழக்குப் பக்கம் மட்டும் மெல்லிய சத்தம்.

கண்ணைத் திறந்தபோது அவனுக்குச் சந்தேகம் இல்லை.

"சார், நீங்க அடிச்சது அடுத்தவன் கைய."

"என்னது?"

"மேல பாருங்க. அந்தக் கொப்பு இருந்த கிளை எங்கேருந்து வருதுன்னு பின்னாடியே போங்க. கிழக்க நிக்குதே உங்க மரம், அது கைய நீட்டி இதுக்குள்ள விட்டிருக்கு. உங்களுக்குக் குழப்பமா இருந்தா காயப் பாருங்க. மூணெலை பழைய காயக் கீழ விடாது. வெடிச்சுக் கறுத்துப் போனதக்கூட வருஷக் கணக்கா கிளையிலயே வெச்சிருக்கும், கொடியில காயப்போட்டுட்டு எடுக்க மறந்த துணி மாதிரி. ரெண்டெலை அப்படி இல்ல. முத்தினா உதிர்த்துடும். கிளை துப்புரவா இருக்கும்."

நாரோங் பைனாகுலரை எடுத்தார். ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்தது. பைனாகுலர் கிழக்கே போனது, திரும்பி வந்தது, மறுபடி கிழக்கே போனது. அவர் முகத்தைத்தான் கேலோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"கறுப்புக் காயா இருக்கிற கிளை ஒன்னு... ரெண்டு... அது கிழக்கேருந்துதான் வருது," என்றார் மெதுவாக. "இதோட சொந்தக் கிளையில ஒரு பழைய காய்கூட இல்ல."

"அதத்தான் சொல்றேன்."

"சொல்றது சரியா இருக்கலாம். ஆனா நான் எழுதணும்னா இலை வேணும். இதோட சொந்தக் கிளையிலருந்து." உண்டிவில்லை நீட்டினார். "என் கை சரியில்ல. ஊர்ல நல்லா அடிக்கிறவங்க யாரு?"

எல்லோரும் பாச்சேயைப் பார்த்தார்கள். பாச்சே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் அடிக்க மாட்டேன்."

"ஏன்ணே?" என்றாள் நோலா.

"இவன் சொல்றது நெசம்னா இது தொப்புள் மரம், நான் கல்லால அடிக்கக் கூடாது. பொய்னா அடிச்சுப் பார்க்கவேண்டிய அவசியமே இல்ல. எப்படிப் பார்த்தாலும் நான் அடிக்கிறதுக்கு வழியில்ல."

தலைவர் சொன்னதில் தப்பில்லை. கூட்டம் தலையைச் சொறிந்தது. ஊர்க்காரர் யாரும் இன்னொருவர் பிள்ளையின் மரத்தை அடிக்க மாட்டார்கள். நாரோங்கின் ஆட்களுக்கோ உயரம் எட்டவில்லை, மூன்று பேர் அடித்து மூன்று கல்லும் வீண். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"குடு இங்க," என்றாள் நோலா.

அறுவடைக்கு முன்னால் கதிரைத் தின்ன வருகிற கிளிகளை விரட்டி வளர்ந்தவள் அவள். குழலைக் கேலோவின் வாயில் செருகினாள். கீழே கிடந்த கற்களில் உருண்டையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாவாடையில் துடைத்தாள். மரத்தில் கை வைத்தாள்.

"மூபோ கண்ணு, அம்மாதான். நீ சின்னவளா இருக்கிறப்ப முதுகுல ரெண்டு வெச்சிருக்கேன்ல, அதுமாதிரி நெனச்சுக்கோ. பல்லக் கடிச்சுக்கோ."

பின்னால் நகர்ந்து, கால்களை அகட்டி நின்று, ரப்பரைக் காதுவரை இழுத்தாள். மேற்குப் பக்கம், துப்புரவான கிளை ஒன்றின் நுனி. விட்டாள்.

'டப்' என்று சத்தம் கேட்டது. ஒரு கொப்பு அசைந்து, யோசித்து, இறங்கியது. கீழ்க் கிளையில் ஒருதரம் மாட்டி, அங்கிருந்தும் நழுவி, நேரே நாரோங்கின் தொப்பியில் விழுந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. நாரோங்கே எடுத்தார். ஊசிகள் அவர் முழங்கை நீளத்துக்குப் பாதி இருந்தன, விறைப்பாக நின்றன. ஒரு கொத்தைப் பிடுங்கி, அடியில் சேர்த்துப் பிடித்திருந்த தோலை நகத்தால் உரித்தார்.

"ஒன்னு," என்றார். "ரெண்டு."

நிறுத்தினார். திருப்பிப் பார்த்தார்.

"மூணாவது எங்க சார்?" என்றான் கேலோ.

"இல்ல."

"நல்லாத் தேடுங்க. சட்டைப் பையில விழுந்திருக்கப் போகுது."

அடுத்த கொத்து. இரண்டு. அடுத்தது. இரண்டு. பத்துக் கொத்து உரித்தார், பத்திலும் இரண்டுதான். பத்தாவதற்கு ஊரே சேர்ந்து எண்ணியது. "ஒன்னு! ரெண்டு!" என்று உப்புமேடு அதிர்ந்தது. நாய்கள் காரணம் தெரியாமல் குரைத்தன. நோலா உண்டிவில்லைத் தூக்கி எறிந்துவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டாள். சிவப்புச் சாயம் முழுக்க அவள் ரவிக்கையில் ஒட்டியது, அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை.

நாரோங் தொப்பியைக் கழற்றினார். "ஐயா, தப்பு எங்க பக்கம். இது ஒன்னு எப்படியோ தப்பி நின்னிருக்கு."

கேலோவுக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது.

"ஒன்னா? உங்க ஆளுங்க மேடு முழுக்கச் சருக எண்ணித்தானே அடிச்சிருக்காங்க? வாங்க."

நடந்தான். அதிகாரி பின்னால், ஊர் அதற்குப் பின்னால். சிவப்பு அடித்த ஒவ்வொரு மரத்துக்கும் இருபது அடி முன்பே நின்று, உச்சியை ஒருதரம் பார்ப்பான். "அழுக்குத் துணி. மூணெலை. வெட்டிக்கோங்க." அடுத்தது. "இதுவும் உங்களது." அடுத்தது. "துப்புரவு. ரெண்டெலை. தொடாதீங்க." ஒவ்வொரு "தொடாதீங்க"வுக்கும் நாரோங் பைனாகுலரில் பார்ப்பார், நோலா ஒரு கொப்பை இறக்குவாள், பாச்சே உரிப்பார், ஊர் எண்ணும். மேடு முடிகிறபோது பதினெட்டு மரம். பதினெட்டில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றார் நாரோங் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இத்தன இரட்டையிலை நிக்குது. ஆனா ஒரு கன்றுகூடக் கண்ணுல படலையே? மூவிலைக் கன்று எங்க பார்த்தாலும் நிக்குது."

"கால எடுங்க சார்."

"என்ன?"

"கால எடுங்க. அது மேலதான் நிக்கிறீங்க."

நாரோங் துள்ளி விலகினார். அவர் பூட்ஸ் இருந்த இடத்தில் கோரைப்புல் மாதிரி ஒரு குத்து, நசுங்கிக் கிடந்தது. கேலோ முட்டி போட்டு அதை விரலால் நிமிர்த்திவிட்டான்.

"புல்லுன்னு நெனச்சீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. ரெண்டெலை முளைச்சா அஞ்சாறு வருஷம் வளராது. தரையோட தரையாப் புல்லு மாதிரியே உக்காந்திருக்கும். தீ வந்து மேல எரிச்சிட்டுப் போகும், மறுபடி பச்சை விடும். யார் மிதிச்சாலும் பொறுத்துக்கும். அடியில வேரத் தடிக்க வெச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒரு மழைக்குச் சட்டுனு எழுந்திருக்கும் பாருங்க, அப்ப யாராலயும் நிறுத்த முடியாது."

பாச்சே தொண்டையைச் செருமினார். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாறு வருஷமா? நீ இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கிட்டியே மாப்ள."

இந்தச் சிரிப்பில் கேலோவும் சேர்ந்துகொண்டான்.

நாரோங் தன் கையாலேயே பதினெட்டு மரத்துக்கும் சிவப்பின்மேல் வெள்ளை அடித்தார். வரைபடத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் வடக்கு மேட்டில் குறி போடும்போது கூட வர முடியுமா என்று கேலோவிடம் கேட்டார், 'ஐயா' போட்டு. எருமை தேடவேண்டியிருக்கிறது, பார்க்கலாம் என்று கேலோ கொஞ்சம் பிகு செய்துகொண்டான். யார்தான் செய்ய மாட்டார்கள்?

பாச்சே ஒரு பாறைமேல் ஏறி நின்று தலைவர் குரலில் தீர்ப்புச் சொன்னார். தொப்புள் மரத்தைப்பற்றி ஊருக்குப் பொய் சொன்ன குற்றத்துக்கு ஒரு கோழி, ஒரு போத்தல் அரிசிச் சாராயம் அபராதம். "அப்புறம் இன்னொன்னு. இனிமே இந்த ஊர்ல யாரும் இவனக் கேலியா ரெண்டெலைன்னு கூப்பிடக் கூடாது. மரியாதையாக் கூப்பிடணும்."

"எப்படிண்ணே மரியாதையா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

பாச்சே யோசித்தார். "ரெண்டெலையாரே!"

மூபோவிடமிருந்து அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. பஸ் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். நோலா பதறிப்போய், "ஏன்டி, உச்சிப் பொழுதுல எங்கயாச்சும் சுரீர்னு வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லயேம்மா. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு நல்லாத் தூங்கிட்டு இருந்தேன். ஏன்?"

"ஒன்னுமில்ல. இனிமே தூங்கு. எவ்வளவு வேணா தூங்கு."

வெயில் சாய்வதற்கு முன்னால் நோலாவும் கேலோவும் அபராதக் கோழியை அவித்துக்கொண்டு, சோறும் சாராயமும் எடுத்துக்கொண்டு மறுபடி உப்புமேட்டுக்கு ஏறினார்கள். வழியில் ஓடைக்கு மேல் இருந்த அத்தியைக் கடந்தபோது நோலா ஒரு கவளம் சோற்றை அதன் அடியில் வைத்தாள். "பழகின மரம். சட்டுனு விட முடியுமா?" என்றாள்.

மேலே, மரத்தின் நெஞ்சு உயரத்தில் வெள்ளைச் சாயத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே போன அவள் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. பட்டைக்குள் ஒரு பள்ளம், மரத்தைச் சுற்றி ஓடியது. கேலோ அன்றைக்குக் குழாயைக் கட்டிய பிரம்பை மரம் விழுங்கி மூடியிருந்தது. அவள் அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு தறியிலிருந்து அறுத்து வந்த வெள்ளை நூலைப் பிரித்து, மரத்தைச் சுற்றி, சுற்றி, கைக்கு வந்தவரை கட்டினாள்.

கொஞ்சம் நூல் மீந்தது.

"கைய நீட்டு."

"எனக்கு எதுக்கு? எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு."

"நீட்டுய்யா."

நீட்டினான். அவள் அவன் மணிக்கட்டில் நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். காய்ச்சல்காரனுக்கும் வழிதவறி வந்தவனுக்கும் உயிரைத் திரும்பக் கூப்பிட்டுக் கட்டுகிற நூல் அது.

"பனியில நின்னு அழுதேன்னு சொன்னியே. அன்னைக்குப் பிள்ளையோட குழாய மட்டும் இதுல கட்டல நீ. உன் உயிரையும் சேர்த்துக் கட்டி வெச்சுட்டு வெறும் ஆளா வீட்டுக்கு வந்திருக்க. நாங்களும் சிரிச்சு சிரிச்சு அத இங்கயே உக்கார வெச்சுட்டோம்." அவள் நூலை முடிந்துவிட்டு, உதட்டைக் குவித்து, காட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ப்ர்ர்ர்... வா. கேலோவோட உயிரே, வா. இருட்டுற வரைக்கும் இங்க நிக்காத. சோறு ஆக்கி வெச்சிருக்கு, அடுப்பு எரியுது. உன் வீட்டுக்கு வா."

மேலே காற்றடித்தது. தடித்த ஊசிகள் உரசின.

"வந்துட்டேன்," என்றான் கேலோ.